நாற்பத்தொன்றாவது பத்திரம்

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குக் கனவில் வரவில்லை. குளிக்கும்போது பளிச்சென்று தோன்றவும் இல்லை. இது ஒரு கையேட்டின் வயிற்றில் பிறந்த பிள்ளை. அந்தக் கையேட்டை எழுதியதும் நான்தான். எட்டுப் பக்கம். மேலட்டையில் ஒரு வீடு, ஒரு சூரியன், இரண்டு குழந்தைகள். தலைப்பு: 'கடன் பத்திரம்: எளிய கதை வடிவில்'. நகராட்சியின் வீட்டுப் பிரிவு அதை அச்சடித்து ஊர் முழுக்க இலவசமாகக் கொடுத்தது. என் இரண்டு நாவல்களையும் சேர்த்து வாசித்தவர்களைவிட அதை வாசித்தவர்கள் அதிகம். சும்மா கொடுத்தால் எதையும் வாங்கிக்கொள்வார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

அப்படி வாங்கியவர்களில் ஒருத்தி அதை நம்பியும்விட்டாள். அங்கேதான் வந்தது வினை. எழுதுகிறவனுக்குத் தன்னை யாராவது நம்ப வேண்டும் என்று ஆயுசு முழுக்க ஏக்கம். நிஜமாகவே ஒருவர் நம்பிவிட்டால் என்ன செய்வது என்று எந்தப் பட்டறையிலும் சொல்லித் தருவதில்லை.

இதை ஒரு மன்னிப்புக் கடிதமாகத்தான் எழுத உட்கார்ந்தேன். 'மதிப்புக்குரிய ஓட்டுநர் அம்மாவுக்கு, ஆறாம் பக்கத்தில் நான் எழுதியது...' என்று நன்றாகத்தான் தொடங்கியது. மூன்றாம் வரியில் வர்ணனை நுழைந்துவிட்டது. பழக்க தோஷம். அதனால் கதையாகவே எழுதிவிடுகிறேன்.

2

ஆரம்பம், முதல் முயற்சி:

'பணிமனையின் தகரக் கூரைமேல் மாலைச் சூரியன் தன் கடைசிப் பொன்னை...'

(வேண்டாம். அவளுக்கு அதிகாலை ஷிப்டு. மாலைச் சூரியன் வரும் நேரத்தில் அவள் அசந்து தூங்கிக்கொண்டிருப்பாள்.)

இரண்டாம் முயற்சி:

'பொதுக் கடன் பத்திரம் என்பது ஓர் உள்ளாட்சி அமைப்பு தனது மூலதனச் செலவினங்களின் பொருட்டுப் பொதுமக்களிடமிருந்து திரட்டுகின்ற...'

(இந்த இடத்தில் நீங்கள் புத்தகத்தை மூடியிருப்பீர்கள். எழுதும்போது எனக்கே கொட்டாவி வந்தது.)

மூன்றாம் முயற்சி:

'வீட்டைக் கட்டிப் பார் என்று பெரியவர்கள் சொன்னார்கள். காசுக்கு எங்கே போவது என்று அவர்கள் சொல்லவில்லை.'

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்வோம். ஏனென்றால் நகராட்சியின் நிலைமையும் அதுதான். குறைந்த சம்பளக்காரர்களுக்காக நூற்றிருபது வீடுகள் கட்ட இடம் இருக்கிறது, வரைபடம் இருக்கிறது, வரைபடத்துக்குக் கண்ணாடிப் பெட்டியும் இருக்கிறது. காசுதான் இல்லை. அதனால் ஊர்க்காரர்களிடமே கடன் கேட்கிறார்கள். நீங்கள் ஒரு பத்திரம் வாங்கினால் அந்தக் காசில் வீடு கட்டுவார்கள். வருஷா வருஷம் உங்களுக்குக் கொஞ்சம் வட்டி, பத்து வருஷம் கழித்து அசல். குடிவந்தவர்கள் கொடுக்கிற சிறு வாடகையிலிருந்து அதை அடைப்பார்கள்.* விற்பனை முடியும் நாளுக்குள் ஒரு குறைந்தபட்ச எண்ணிக்கை விற்றாக வேண்டும். ஒன்று குறைந்தாலும் எல்லாருடைய பணமும் திரும்பிப் போய்விடும். கட்டடம் கண்ணாடிப் பெட்டிக்குள்ளேயே இருந்துவிடும்.

(* இதை உறுதிமொழியாகக் கருதக் கூடாது. — அ.மே.)

அ.மே. என்பவர் அடிக்குறிப்பு மேடம். நகராட்சியின் சட்ட அதிகாரி. எதை எழுதிக் கொடுத்தாலும் கீழே ஒரு நட்சத்திரம் போட்டுப் பொடி எழுத்தில் ஏதாவது சேர்ப்பார். கையேட்டின் மேலட்டையில் இருந்த சூரியனுக்குக்கூட 'படம் மாதிரிக்கு மட்டும்' என்று குறிப்பு எழுதியவர். இந்தக் கதையை ஏழாம் பகுதி வரை அவரிடம் காட்டினேன். அதனால் அங்கங்கே அவர் தலை தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

3

இனி அவள். நேரில் பார்த்தால் 'நீங்க, வாங்க' என்றுதான் பேசுவேன். கதைக்குள் வந்ததும் 'அவள்' ஆகிவிடுகிறாள். கதை எழுதுகிறவர்களுக்கு இந்தத் திமிர் உண்டு.

நான் தினமும் ஏறுகிற பஸ்ஸை ஓட்டுகிறவள். 'ஓட்டுநருடன் பேசாதீர்கள்' என்ற பலகைக்கு நேர் கீழே இருக்கிற இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, பேசிப் பேசியே அவள் வாழ்க்கையில் பாதியைக் கறந்துவிட்டேன். புருஷன் வேறு ஊரில் வேறு குடும்பம் தேடிக்கொண்ட பிறகு, பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு அக்கா வீட்டு ஹாலுக்கு வந்தவள். ஒரு வாரம் தங்கலாம் என்று வந்தாள். ஆறு வருஷம் ஓடிவிட்டது.

அந்த ஹாலில் ஒரு சோபா, அதன் பின்னால் சுருட்டி வைத்த மெத்தை, ஜன்னலோரம் அக்காவின் தையல் மெஷின். அக்கா ஒரு துணிக்கடைக்கு அளவு திருத்தித் தருகிறவள். மெத்தையை விரித்தால் மெஷினின் மிதியில் கால் வைக்க முடியாது. மெஷின் ஓடினால் மெத்தையில் யாரும் தூங்க முடியாது. அக்கா புருஷனுக்கு டிவி செய்தி உயிர். ஆனால் ஹாலில் யாராவது ஒருத்தர் எப்போதும் தூங்கிக்கொண்டோ படித்துக்கொண்டோ இருப்பதால், ஆறு வருஷமாகச் சத்தத்தை அமுக்கிவிட்டுப் படத்தை மட்டும் பார்க்கிறார். இப்போதெல்லாம் உலக நடப்பை அவரே இட்டுக்கட்டிச் சொல்வதாகக் கேள்வி.

அக்கா தினமும் கத்துவாள்.

"இது வீடா, பஸ் ஸ்டாண்டா? விடியக்காலைல மூணரை மணிக்கு ஒருத்தி கிளம்பறா, ஏழு மணிக்கு ஒருத்தி ஷூவைத் தேடறா. என் கத்தரிக்கோல் எங்கேடி?"

"உன் மடியில இருக்குக்கா."

"இருக்கட்டும். கேட்டது கேட்டதுதான்."

வீட்டுப் பிரிவின் காத்திருப்போர் பட்டியலில் அவள் பெயர் இருக்கிறது. முதல் வருஷம் பன்னிரண்டாவது இடம். இப்போது மூன்றாவது. பட்டியலில் உள்ளவர்கள் நகர்வதைப் பார்த்தால் அவளுடைய வண்டி நெரிசலில் நிற்பது எவ்வளவோ தேவலை.

இதையெல்லாம் கையேட்டில் அப்படியே எழுதினேன். ஆறாம் பக்கம் வந்தபோது கதை சற்று தொய்கிற மாதிரி இருந்தது. வெறுமனே ஒருத்தி காத்திருப்பதில் என்ன விறுவிறுப்பு? அதனால் இப்படி எழுதினேன்:

'அவள் வெறுமனே காத்திருக்கவில்லை. தன் சேமிப்பிலிருந்து ஒரு பத்திரம் வாங்கினாள். தன் வீட்டின் முதல் செங்கல்லைத் தானே வாங்கிய பெருமிதம் அவள் முகத்தில் தெரிந்தது.'

எட்டாம் பக்கத்தில் அவள் புது வீட்டின் கதவைத் திறந்தாள். அடிக்குறிப்பு மேடம் கதவுக்கு நட்சத்திரம் போட்டார். செங்கல்லுக்குப் போடவில்லை. அழகான வாக்கியம் என்று நினைத்து விட்டுவிட்டாராம். அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான்.

4

அவள் கையேட்டைப் படித்தாள். தன்னைப் பற்றித்தான் எழுதியிருக்கிறது என்று மெத்தையைப் பார்த்தே கண்டுபிடித்தாள். ஆறாம் பக்கத்தை இரண்டு தடவை படித்தாள். மறுநாள் ஷிப்டு முடிந்ததும் சீருடையோடு நேரே வீட்டுப் பிரிவுக்குப் போய், புது வீட்டின் முன்பணத்துக்காக ஆறு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்ததிலிருந்து ஒரு பத்திரம் வாங்கினாள். அதன் விலை அவளுடைய இரண்டு மாதச் சம்பளம்.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. அந்த அலுவலகச் சுவரில் விற்பனையைக் காட்ட ஒரு பெரிய காய்ச்சல்மானி வரைந்து வைத்திருக்கிறார்கள். சிவப்புக் கோடு மேலே ஏறினால் கட்டடம் வரும். குறிக்குச் சற்றுக் கீழே உயிர் போனதுபோல் நின்றிருந்தது. பணக்காரர்கள் அதற்கு மேல் வாங்கவில்லை, அவர்களுக்கு வட்டி போதாது. நடுத்தர ஆட்கள் வாங்கவில்லை, அவர்கள் பணக்காரர்கள் வாங்கட்டும் என்று காத்திருந்தார்கள். அடியில் சாக்பீஸால் எழுதியிருந்தது: 'இன்னும் தேவை: 41.'

"என்னோடதைச் சேர்த்தா?" என்று கவுன்ட்டரில் கேட்டாள்.

"சேர்க்காமம்மா. உங்களோடது இப்பத்தானே வந்தது."

"அப்போ நாப்பது."

நாற்பது பேரை எங்கே பிடிப்பது என்று அவள் மலைக்கவில்லை. பட்டியலில் இருக்கிறவர்கள் ஆறு வருஷமாக ஒரே வரிசையில் நின்று பழகியவர்கள். அவர்களுக்குள் ஒரு வாட்ஸ்அப் குரூப்கூட உண்டு, முன்பணத்துக்குக் கொஞ்சம் கொஞ்சம் சேமிப்பும் உண்டு. பணிமனையில் ஷிப்டுப் பட்டியல் போடுகிற மாதிரி ஒரு தாளில் கட்டம் போட்டாள். யாரை, எத்தனை மணிக்கு, எந்த நிறுத்தத்தில் பார்ப்பது என்று குறித்தாள். ஒவ்வொருவரிடமும் ஒரே பேச்சுதான்.

"நம்ம வீட்டுக்கு நாமே போடலைன்னா, ஊரான் வந்து போடுவானா?"

எட்டே நாளில் சரியாக நாற்பது பேர் வாங்கினார்கள். ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. உபரியாக வாங்க அவர்களில் யாரிடமும் வசதி இல்லை. சிவப்புக் கோடு குறியைத் தொட்டது. வீட்டுப் பிரிவில் பிஸ்கட் கொடுத்தார்கள். எனக்கும் ஒன்று கிடைத்தது. 'ஒரு கதை ஊரையே அசைத்துவிட்டது' என்று நான் வீட்டுக்குப் போய்க் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னதாக நினைவு.

(இந்த வரியை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும். தண்டனை மாதிரி இருக்கட்டும்.)

5

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை இனிமேல்தான்.

பட்டியலைப் பராமரிக்கிற குமாஸ்தா ஒருவர் இருக்கிறார். நல்ல மனிதர், வேலையில் சுத்தம். அந்தச் சுத்தம்தான் ஆபத்து. விற்பனை முடிய ஒரு வாரம் இருக்கும்போது அவர் பத்திரம் வாங்கியவர்கள் பட்டியலையும் வீட்டுக்குக் காத்திருப்பவர்கள் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நாற்பத்தொரு பெயர்கள் இரண்டிலும் இருந்தன. மறுநாளே நாற்பத்தொரு கடிதங்கள் போயின:

'வாழ்த்துகள்! தாங்கள் முதலீட்டுப் பத்திரம் வைத்திருப்பதால் தங்கள் பொருளாதார நிலை உயர்ந்திருப்பதாகத் தெரிகிறது. எனவே விதி 9-ன்படி குறைந்த வாடகை வீடு பெறும் தகுதியைத் தாங்கள் கடந்துவிட்டீர்கள் என்பதை மகிழ்ச்சியுடன்...'

வசதியுள்ளவர்கள் ஏழை வேஷம் போட்டு உள்ளே புகுந்துவிடாமல் இருக்கப் போட்ட விதி அது. நல்ல விதிதான். காத்திருக்கிறவர்களே காசு போட்டுக் கட்டுவார்கள் என்று அதை எழுதியவருக்குத் தோன்றவில்லை. யாருக்குத்தான் தோன்றும்?

நான் மறுநாள் வண்டி ஏறியபோது அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்று நிறுத்தம் போனது. சிவப்பு விளக்கில் நின்றபோதுதான் வாய் திறந்தாள்.

"சார், ஆறாம் பக்கம் எழுதினது நீங்கதானே?"

"ஆமா."

"அந்தப் பொம்பளைக்கு வீடு கெடைச்சுதே. எட்டாம் பக்கத்துல."

"கெடைச்சுது."

"அவளுக்கு இந்தக் கடுதாசி வரலையா?"

விதி ஒன்பதை நான் படிக்கவே இல்லை. கதைதானே என்று நினைத்தேன்.

"எனக்குப் போனது கூடப் பரவாயில்ல சார். என் பேச்சைக் கேட்டு நாப்பது பேர் வாங்கினாங்க. அவங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

விளக்கு பச்சையானது. பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் ஒலி எழுப்பின. நான் இறங்க வேண்டிய நிறுத்தத்துக்கு நாலு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்தேன். வெட்கமாக இருந்தது. அதைச் சொல்ல வேறு நல்ல வார்த்தை தேடவில்லை.

6

வீட்டுப் பிரிவில் ஒரு கூட்டம் நடந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் குமாஸ்தாவும் அடிக்குறிப்பு மேடமும். இந்தப் பக்கம் அவளும், பின்னால் நாற்பது பேரும், சுவரோரம் பல்லிபோல் நானும்.

குமாஸ்தா பாவம், கையைப் பிசைந்தார். "பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துடுங்க. உங்க இடம் அப்படியே இருக்கும்."

"ஒருத்தர் திருப்பிக் கொடுத்தாலும் கணக்கு கொறையுமே?"

"கொறையும்."

"கொறைஞ்சா கட்டடம்?"

"வராது."

"கொடுக்கலைன்னா?"

"கட்டடம் வரும். நீங்க அதுல இருக்க முடியாது."

"அப்போ யார் இருப்பாங்க?"

குமாஸ்தா பட்டியலைப் புரட்டினார். "பத்திரம் வாங்காதவங்க" என்றார் கடைசியில், குரலே எழும்பாமல்.

(ஊரில் வேறு யாராவது நாற்பத்தொரு பத்திரம் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடுமே என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. கேளுங்கள். அப்படியே ஒன்று வாங்கவும் செய்யுங்கள். அக்காக்காரி புதிதாக ஒன்று வாங்கித் தரலாமே என்றால், அவளிடம் அவ்வளவு பணம் இல்லை. நான் வாங்கலாமே என்றால், நகராட்சியிடம் கூலி வாங்கியவர்கள் இந்தப் பத்திரத்தைக் கையால் தொடக் கூடாதாம். அதைச் சொன்னதும் அ.மே.தான்.)

அடிக்குறிப்பு மேடம் அதுவரை பத்திரத்தின் பின்பக்கத்தைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணருகே வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். அவர் எழுதிய பொடி எழுத்தை அவராலேயே படிக்க முடியவில்லை.

"பதினாலாவது விதி இருக்கு" என்றார். "விற்பனை முடியறதுக்குள்ள பத்திரத்தை வேற ஒருத்தருக்குத் தானமாக் கொடுக்கலாம். பட்டியல்ல இல்லாதவங்களா இருக்கணும். ரெண்டு பேரும் நேர்ல வந்து கையெழுத்துப் போடணும். போட்டா எண்ணிக்கை கொறையாது, உங்க இடமும் போகாது."

அறையே மூச்சு விட்டது.

"ஆனா" என்றார் அவர். (அவர் வாயில் 'ஆனால்' வராமல் ஒரு கூட்டம் முடிந்ததில்லை.) "தானம்னா தானம்தான். அப்புறம் திருப்பித் தரேன்னு எழுதி வாங்கக் கூடாது. வாயால வாக்குக்கூட வாங்கக் கூடாது. வாங்கினா அது தானம் இல்ல, ஏமாத்து. நானே செல்லாதுன்னு எழுதிடுவேன்."

"அப்போ அவங்க திருப்பித் தரலைன்னா?"

"தரலைன்னா தரலை. தந்தா உங்க அதிர்ஷ்டம். இதுக்கு மேல நான் எதுவும் சொல்லலை. விதி சொல்லுது."*

(* இந்த உரையாடல் அலுவல்பூர்வமான கருத்து அல்ல. — அ.மே.)

7

கொஞ்சம் கட்டுரைத்தனமாகப் பேச அனுமதியுங்கள். சீக்கிரம் முடித்துவிடுவேன்.

உங்கள் இரண்டு மாதச் சம்பளத்தை, வாக்குக் கேட்காமல், எழுதி வாங்காமல், ஒருவர் கையில் தானமாகக் கொடுக்க வேண்டும். யாரிடம் கொடுப்பீர்கள்? சட்டென்று ஒரு முகம் வந்ததா? அதுதான் இல்லை. முதலில் வருகிற முகம் பாசமானது. இரண்டாவது யோசனையில் அந்த முகம் போய்விடும். மூன்றாவதாக வருகிற முகத்தைப் பார்த்து நீங்களே ஆச்சரியப்படுவீர்கள்.

நாற்பது பேருக்கும் இதுதான் நடந்தது. முடி திருத்துகிற ஒருவர் சொந்தத் தம்பியை விட்டுவிட்டு, இருபது வருஷமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் எதிர்க்கடைக்காரர் பேருக்கு மாற்றினார். "தம்பி ஏமாத்தினா வெளியூர் ஓடிடுவான். இவன் ஏமாத்தினா தினமும் கடையைத் தொறந்து என் மூஞ்சில முழிச்சாகணுமே" என்றார். ஆஸ்பத்திரியில் துணி துவைக்கிற அம்மா ஒருத்தி, விவாகரத்து வாங்கிப் பிரிந்த புருஷனையே கூட்டி வந்தாள். "மனுஷன் மகா மோசம். ஆனா காசு விஷயத்துல சுத்தம். அதையும் சொல்லணுமில்ல." அந்த ஆள் கவுன்ட்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெகு நேரம் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு காவலாளி, தான் காவல் காக்கிற பல் ஆஸ்பத்திரி டாக்டரைத் தேர்ந்தெடுத்தார். டாக்டருக்கு அந்தக் காவலாளியின் பெயரே அன்றுதான் தெரியும்.

அவள் ஒவ்வொரு நாளும் ஷிப்டு முடிந்ததும் வந்து, தாளில் கட்டத்துக்குக் கட்டம் டிக் அடித்தாள். யாருக்காவது ஆள் கிடைக்கவில்லை என்றால் அவளே தேடிப் போனாள். விற்பனை முடிய இரண்டு நாள் இருக்கும்போதே நாற்பது கட்டமும் நிரம்பிவிட்டன. தன்னுடையதை அவள் கடைசிக்கு வைத்திருந்தாள். அவளுக்கு அதில் யோசிக்க ஒன்றும் இல்லை. அக்கா இருக்கிறாள். ஹாலைக் காலி பண்ணு என்று ஆறு வருஷமாகக் கத்துகிறவள். ஒரு கையெழுத்தில் ஹால் காலியாகும் என்றால் ஓடி வந்து போட மாட்டாளா?

8

இங்கேதான் எனக்கு ஒரு பாத்திரத்தின்மேல் சந்தேகம் வந்தது.

கையேட்டில் அக்காவை நான் கொஞ்சம் மோசமாகத்தான் எழுதியிருந்தேன். கதையில் ஒரு இடைஞ்சல் வேண்டாமா? கத்துகிற அக்கா, நெருக்கடியான ஹால், கதவைத் திறந்துகொண்டு விடுதலை. கச்சிதமாக இருந்தது. இந்தக் கதையிலும் அப்படியே இழுத்துக்கொண்டு வந்தேன். ஆனால் நேற்று அவள் வண்டியில் சொன்னது அந்தக் கச்சிதத்தைக் கலைத்துவிட்டது.

"அக்கா மாட்டேங்கறா சார்."

"ஏன்? பணம் பொறுப்புன்னு பயமா?"

"காரணம் சொல்ல மாட்டேங்கறா. மெஷினைப் போட்டு ஓட்டறா. நான் பேசறது கேக்கக் கூடாதுன்னு வெறும் துணியில ஓட்டறா."

நேற்று முழுக்க மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ: அக்கா கண்ணீரோடு ஓடி வந்து கையெழுத்துப் போடுகிறாள். சகோதரிகள் கட்டித் தழுவ... (எனக்கே கூசுகிறது.)

முடிவு ஆ: அவள் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறாள். நாற்பது பேர் நாற்பது பேரை நம்பியது அத்தனையும் வீண். மெத்தை மறுபடியும்... (இதை என் கை எழுத மறுத்தது.)

முடிவு இ: அவள் பத்திரத்தை வைத்துக்கொண்டு பட்டியலிலிருந்து விலகிவிடுகிறாள். கட்டடம் வருகிறது. அந்தக் கட்டட வாசலுக்கு அவள் தினமும் வண்டி ஓட்டுகிறாள். ஒவ்வொரு தடவையும் அந்த நிறுத்தத்தில்... (இது இலக்கியமாக இருக்கிறது. அதனாலேயே எனக்குப் பயமாக இருக்கிறது. அவள் இப்படிச் செய்யக்கூடியவள்தான். இதை எழுதி, அவள் படித்துவிட்டால்?)

9

இப்போது நான் உட்கார்ந்திருப்பது வீட்டுப் பிரிவின் கூடத்தில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில். இதுவரை நீங்கள் படித்ததெல்லாம் முன்பே எழுதியது. இனிமேல் எழுதுவது கண்ணெதிரே நடப்பது. மீந்துபோன கையேடுகள் ஒரு மூலையில் கட்டுக் கட்டாகக் கிடக்கின்றன. அதில் ஒன்றின் பின்னட்டையில் எழுதுகிறேன். கவுன்ட்டர் மூடுவது நாலு மணிக்கு. இப்போது மூன்று முப்பத்தெட்டு.

அவள் சீருடையில் நிற்கிறாள். கையில் தான விண்ணப்பம். பெறுபவர் பெயர் என்ற இடம் வெள்ளையாக இருக்கிறது. அக்கா மனசு மாறுவாள் என்று வேறு யாரையும் அவள் கேட்கவில்லை. நாற்பது பேரில் முக்கால்வாசிப் பேர் வந்திருக்கிறார்கள். அவரவர் வேறு எங்கேயோ பார்க்கிறார்கள். பெறுபவர் நேரில் வர வேண்டும் என்பதால், இனிமேல் புதிதாக ஒருவரைத் தேடிப் பிடித்து வரவும் நேரமில்லை.

மூன்று நாற்பத்து நான்கு. அக்கா வந்துவிட்டாள். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்குகிறது, கடையிலிருந்து எழுந்தோடி வந்திருக்கிறாள். நான் கையேட்டில் எழுதிய ஆளைவிட உயரம் குறைவு. என் பக்கத்து வரிசையில்தான் இரண்டு பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒட்டுக் கேட்பது தப்புதான். கேட்கிறேன்.

"வந்தியே, அதுவே போதும்க்கா. இங்க ஒரு கையெழுத்து."

"கையெழுத்துப் போட வரலை. மாட்டேன்னு சொல்லத்தான் வந்தேன். போன்ல சொன்னா நீ வெச்சிடுவே."

"ஏன்க்கா? நான் உன்கிட்ட வாக்குகூடக் கேக்கலை. அந்தக் காசை நீயே வெச்சுக்கோ."

"உன் காசு யாருக்குடி வேணும்?"

"அப்புறம் என்ன? ஹால் காலியாகும். மெஷினை நடுவுல போட்டுக்கலாம். மாமா சத்தமா நியூஸ் கேக்கலாம்."

அக்கா நாடாவை விரலில் சுற்றுகிறாள், அவிழ்க்கிறாள்.

"ஆறு வருஷம் கத்தினேன். கத்தறவ எல்லாம் போகச் சொல்றவளா? மூணரை மணிக்கு நீ எழுந்திரிக்கறப்போ நானும் முழிச்சுக்குவேன். உனக்குத் தெரியாது. கதவு சாத்தற சத்தம் கேட்டப்புறம்தான் மறுபடி தூங்குவேன். பொண்ணு ஷூவைத் தேடறப்போ, அது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சொல்ல மாட்டேன், கொஞ்ச நேரம் தேடட்டும்னு. நான் கையெழுத்துப் போட்டா நீ போயிடுவே. என் கையாலேயே உன்னை அனுப்பணுமா?"

கவுன்ட்டருக்குப் பின்னால் அடிக்குறிப்பு மேடம் தலையைக் குனிந்து எதையோ படிக்கிற மாதிரி இருக்கிறார். அந்தத் தாளில் ஒன்றும் இல்லை, இங்கிருந்தே தெரிகிறது. முடி திருத்துகிறவர் எழுந்து வெளியே போய்விட்டார். இந்தப் பெண்ணைத்தான் நான் இடைஞ்சல் என்று எழுதினேன்.

மூன்று ஐம்பது.

"அக்கா."

"என்ன?"

"நாளைக்கே போயிடுவேன்னா நெனச்சே?"

"பின்னே? கையெழுத்துப் போட்டா வீடுன்னு சொன்னியே."

"இப்பத்தான் காசே சேந்திருக்கு. இன்னும் அஸ்திவாரமே தோண்டலை. அதுக்கே டெண்டர் விடணுமாம். ரெண்டு வருஷம் ஆகும்க்கா."

"ரெண்டு வருஷமா?"

"நகராட்சி ரெண்டுன்னா நாம மூணுன்னு வெச்சுக்கணும்."

அக்கா மேலே பார்க்கிறாள். ஏதோ கணக்குக் கூட்டுகிறாள். பெண்ணின் படிப்பாக இருக்கலாம், மெத்தையின் ஆயுளாக இருக்கலாம்.

"இதை நீ மொதல்லயே சொல்றதுக்கு என்னடி?"

"நீ மெஷினை நிறுத்தினாத்தானே?"

அக்கா விண்ணப்பத்தைப் பிடுங்கிக்கொண்டுவிட்டாள். "நான் இன்னும் சரின்னு சொல்லலை. என்ன எழுதியிருக்குன்னு பாக்கறேன்" என்கிறாள். முதல் பக்கம். திருப்புகிறாள். பின்பக்கம். பொடி எழுத்தைக் கையை நீட்டி எட்டப் பிடித்துப் படிக்கிறாள். தையல்காரியின் கண், ஒரு வரியையும் விடாது போலிருக்கிறது. மேடம், இன்னும் கொஞ்சம் சுருக்கமாக எழுதியிருக்கக் கூடாதா?

மூன்று ஐம்பத்து மூன்று. கவுன்ட்டரில் நூலில் கட்டியிருந்த பேனாவை அக்கா எடுத்து உதறுகிறாள். எழுதவில்லை. இந்த வாரம் முழுக்க எத்தனை கையெழுத்து! அவள் தங்கையிடம் பேனா இல்லை. வந்திருப்பவர்களில் ஒருவரிடமும் இல்லை. கவுன்ட்டருக்குப் பின்னால் மேடம் இழுப்பறையைத் துழாவுகிறார்.

ஓட்டுநர் என்னைக் கை காட்டுகிறாள். அக்கா நேரே என்னிடம் வருகிறாள். நாற்காலிக்கு முன்னால் நின்று கையை நீட்டுகிறாள்.

"எழுதிட்டே இருக்கீங்களே, நீங்கதானா அந்தக் கதைக்காரர்? எங்க ஹாலைப் பத்தி அப்புறமா உங்ககிட்டப் பேச வேண்டியது நெறைய இருக்கு. இப்போ அந்தப் பேனாவைக் குடுங்க."

அவள் அதை வாங்கிக் கையெழுத்துப் போடுவாளா, இல்லை 'மாட்டேன்' என்று குறுக்கே ஒரு கோடு இழுப்பாளா என்று அவள் முகத்தைப் பார்த்தால் தெரியவில்லை. ஒரு வரியில் நான் முடித்துவிடலாம். போன தடவை நடக்காததை நடந்ததாக நான் எழுதி, ஒருத்தி வீட்டை இழக்கப் பார்த்தாள். நாலு மணிக்கு இன்னும் ஐந்து நிமிஷம் இருக்கிறது. அதை நீங்கள் இங்கே நின்று பாருங்கள். என்னிடம் இருப்பது இந்த ஒரு பேனாதான், இதோ,